கூச்சத்துக்கு ஏழு

காது கேட்கிறதாம். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறதாம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னார்களாம், ஒன்றைக்கூட விடாமல் போட்டாளாம், வாய் மட்டும் திறக்கவில்லையாம். பூபதி இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இனி டாக்டரம்மா கூப்புடோணும், கூட்டமாக் கெடக்குது, மறுபடி பண்றேன்" என்று வைத்துவிட்டார். அப்பாடா என்று போனை மடியில் வைத்தேன். இத்தனைக்கும் என் மகள் மதிக்குக் காது கேட்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பூப்போலப் பிரித்தாலும் வந்து நிற்கிற பிள்ளை. நானும் பூபதியும் அவளுக்குத் தெரியக்கூடாதென்று குசுகுசுவென்று பேசியதை மறுநாள் வரி மாறாமல் ஒப்பிக்கிற பிள்ளை. ஆனாலும் ஹெலன் டீச்சர் "எதுக்கும் காதைக் காட்டிருங்க மேடம், ஒண்ணாங் கிளாஸே முடியப்போகுது, பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை வரல" என்று சொன்ன நாளிலிருந்து, தெரிந்ததெல்லாம் தெரியாததாகிப் போனது. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறாளாம், "உள்ளேன்" வருவதில்லையாம், எழுந்து நிற்பதையே உள்ளேன் என்று டீச்சர் எடுத்துக்கொள்கிறாராம், நல்ல மனுஷி. வீட்டில் என்றால் வேறு கதை. செருப்பைக் கழற்றும் முன் ஆரம்பிக்கிற பேச்சு தூங்கி விழும்வரை ஓயாது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று நானே தினமும் சொல்கிறேன், இந்த வாயால்தான் சொல்கிறேன். மாமியாருக்கோ காரணம் தேடவே தேவையிருக்கவில்லை. "நாளெல்லாம் கொரங்குக பின்னால வாயத் தொறக்காம சுத்தறவளுக்குப் பொறந்த புள்ள வேற எப்படி இருக்கும்" என்று பொள்ளாச்சியில் நாலு பேர் இருக்கும்போது சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அது கோபம்தானா, அப்படியும் இருக்குமோ என்கிற பயமா என்று பிரிக்கவும் முடியவில்லை. சரி, போகட்டும். காது கேட்கிறது. ஒரு கதவு மூடியாயிற்று. இன்னொன்று இருக்கிறது, அதற்கு டாக்டரம்மா கூப்பிட வேண்டும். நான் அங்கே கோயம்புத்தூரில் அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் தேதி கொடுத்த பெண்தான் போனில், "அம்மா வந்தா புள்ள அம்மா வாயாலயே பேசிக்கும், முதல் தடவை அப்பா மட்டும் வரட்டும்" என்றாள். உண்மைதான். கடைக்காரர் பெயர் கேட்டால் மதி என் சேலையைப் பிடிப்பாள், நான் "நிறைமதி" என்பேன். எந்த கிளாஸ் என்றால் ஒன்றாம் கிளாஸ் என்பேன். சாக்லெட் வேணுமா என்றால் அதற்கும் நானே. சேலையைப் பிடித்து இழுத்தால் பேசுகிற பொம்மையாகத்தான் இருந்திருக்கிறேன். அதனால் அவள் அங்கே, நான் இங்கே, வால்பாறை மலையில் ஒரு தேயிலை ஃபாக்டரியின் கேண்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல். இந்தச் சுவரை விட்டு நாலடி தள்ளிப் போனால் சிக்னல் கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது என் இடமே இல்லை, என்னோடு வேலை பார்க்கிற பிரிட்டோவின் இடம். எங்கள் வேலை, மனிதர்களை ஒட்டி வாழும் மூன்று வகைக் குரங்குகளின் குணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. கொரங்குக்கு என்ன தனியாக் குணம், கொரங்குக் குணம்தானே என்று கல்யாணத்துக்கு முன்னால் பூபதி ஒருமுறை கேட்டார், நான் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன், அப்புறம் அவர் கேட்டதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் திரிகிற நாட்டுக் குரங்கு இருக்கிறதே, அது உங்கள் கையிலிருக்கும் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்க நேரமாக்கியதற்காக உங்களையே திட்டும். மூக்குக்கு மேல் கோபம், அடுத்த நிமிஷம் மறதி. கருமந்தி அதற்கு நேர் எதிர். கன்னங்கரேலென்று சில்வர் ஓக் மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும், நாம் பார்ப்பது தெரிந்தால் முதுகைக் காட்டும், கொழுந்து இலையைப் பறிப்பதைக்கூட யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டு பறிப்பதுபோலத்தான் பறிக்கும். சிங்கவால் குரங்கு இரண்டிலும் சேராது. கறுத்த முகத்தைச் சுற்றி நரைத்த தாடியோடு அது வந்து உட்கார்ந்தால் வீட்டுக்கு மூத்தவர் யாரோ வந்த மாதிரி இருக்கும். மூடியைத் திருகும், உள்ளே பார்க்கும், மோந்து பார்க்கும், யோசிக்கும். விரட்டினால் கோபப்படாது, ஆனால் போகவும் போகாது. இதெல்லாம் வகைக்கு வகை உள்ள வித்தியாசம். ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ளதுதான் பெரும்பாடு. துணிச்சல், ஆர்வம், கோபம், சிநேகம், கூச்சம் என்று ஒவ்வொரு குரங்குக்கும் ஏழுக்கு எத்தனை என்று போட வேண்டும். ஒருத்தர் போட்டால் செல்லாது. இரண்டு பேர், தனித்தனியாக, ஒருவர் போட்டதை மற்றவர் அறியாமல். இரண்டு பருவம் முடியும்வரை எந்தக் குரங்கைப் பற்றியும் எங்களுக்குள் பேச்சு கிடையாது, முடிந்தபிறகு இடம் மாறிக்கொண்டு மற்றவர் பார்த்ததை நாம் பார்க்க வேண்டும். பிரிட்டோ தூத்துக்குடிக்காரன், பேசாமல் இருக்கத் தெரியாதவன், குரங்கைப் பற்றிப் பேசக்கூடாதென்றதும் மனிதருக்கெல்லாம் போட ஆரம்பித்துவிட்டான். எங்கள் பேராசிரியருக்குக் கோபம் ஆறு, துணிச்சல் ஒன்றரை. அரை கிடையாதுடா என்றேன். அவருக்கு உண்டுக்கா என்றான். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பூபதிக்குச் சிநேகம் ஏழு, கோபம் ஒன்று, ஆர்வம் கிரிக்கெட் இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் பூஜ்யம். மாமியாருக்குத் துணிச்சல் ஏழு, மற்றதை இடம் விட்டு வைத்திருக்கிறேன். அப்படியே ஒருநாள் மதி குளித்துக்கொண்டே, சோப்பு கண்ணில் எரிய எரியக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுக்கும் போட்டுவிட்டேன். துணிச்சல் ஆறு, ஆர்வம் ஏழு, சிநேகம் ஏழு, கூச்சம் ஒன்று. சிரித்துக்கொண்டேதான் போட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஹெலன் டீச்சர் எதிரில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவர் சொல்லச் சொல்ல என் தலைக்குள் எண்கள் தானாக விழுந்தன. விளையாட்டு நேரத்தில் சுவரோரம் நிற்கும். துணிச்சல் ஒன்று. பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கினாலும் சும்மா இருக்கும். கோபம் ஒன்று. யாரோடும் சேராது. சிநேகம் ஒன்று. கூச்சம் ஏழு. எங்கள் விதி என்னவென்றால், இரண்டு பேர் போட்டது இவ்வளவு தள்ளி நின்றால் யாரோ ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை, இரண்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையை எப்படி முதலிலிருந்து தொடங்குவது? யார் சரியாகப் பார்க்கவில்லை? முப்பத்தைந்து பிள்ளைகளை நாள்தோறும் மேய்க்கிற டீச்சரா, பெற்றவளா? வீட்டில் இருக்கிற மதியை நான்தான் எனக்கு வேண்டியபடி பார்த்துக்கொள்கிறேனோ? அந்தக் குட்டி நாற்காலியில் வந்த சந்தேகம்தான் கோயம்புத்தூர்வரை போயிருக்கிறது.

தகரக் கூரைமேல் தடதடவென்று சத்தம். வந்துவிட்டார்கள். பத்து மணித் தேநீருக்குச் சங்கு ஊதுமுன் சிங்கவால் கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் வரும், மீதி பாதி பள்ளத்துக்கு அந்தப்புறம் உள்ள காட்டுத் துண்டிலேயே நின்றுகொள்ளும் என்று தெரியும். நான் எப்போதும் அந்தக் காட்டுப் பக்கம்தான். வெடிப்பலா மரத்தடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து உட்கார்ந்திருப்பேன், அட்டை கடிக்கும், ஆனால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அது எனக்குப் பிடிக்கும். அட, இதைத்தான் மாமியார் சொன்னாரோ. பிரிட்டோவுக்கு டீ வேண்டும், போண்டா வேண்டும், வாயாட ஆள் வேண்டும், அதனால் கேண்டீன். இன்றைக்குப் போன் வரும், எனக்குச் சிக்னல் உள்ள இடம் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். "பாப்பாவுக்கு ஒண்ணும் இருக்காதுக்கா, எங்க பெரியம்மா மவன் பத்து வயசு வரைக்கும் பேசல, இப்ப மைக் செட் வச்சிருக்கான்" என்று போகும்போது சொன்னான். அது ஆறுதலா என்று அப்போது தெரியவில்லை, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மணி என்ன? பூபதி பேசிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா என்ன கேட்பார்? உன் பேர் என்ன கண்ணு என்பார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவள் பூபதியின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பித்தானைத் திருகுவாள், பூபதி வழக்கம்போல, சொல்லு சாமி, சொல்லு தங்கம் என்று கெஞ்ச ஆரம்பித்திருப்பார். கெஞ்சாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேனா? சொன்னேன். மறந்திருப்பார். இதோ கேண்டீன் ஜன்னல் விளிம்பில் ஒன்று இறங்குகிறது. பெண் குரங்கு, நடுவயசு. யாரையும் பார்க்கவில்லை, நேராகக் குப்பை டிரம்மிடம் வந்து மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைக்கிறது, வீசவில்லை, வைக்கிறது. குனிந்து பார்க்கிறது. முட்டைக்கோஸ் காம்பை எடுத்து ஒதுக்குகிறது, ரொட்டித் துண்டை எடுத்து மோந்து திரும்பப் போடுகிறது, எனக்கே டிரம்மைச் சரியாகக் கழுவியிருக்கிறார்களா என்று கவலை வந்துவிட்டது. உள்ளேயிருந்து ரோசக்கா கரண்டியோடு வெளியே வந்தார். கேண்டீனை நடத்துபவர் அவர்தான், எஸ்டேட்டில் அவருக்குத் தெரியாத வீட்டு விஷயம் கிடையாது. "வந்துட்டாவ பாருங்க கலெக்டரம்மா! ஆய்வு முடிஞ்சிருச்சா? போ அங்கிட்டு!" என்று கரண்டியால் கதவைத் தட்டினார். கலெக்டர் தலையைத் தூக்கி ரோசக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. ஓகோ, பிரிட்டோவின் கலெக்டர் இதுதானா. குணத்தைச் சொல்லக்கூடாதென்றாலும் இந்தப் பெயரை மட்டும் அவனால் வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை. துணிச்சல் ஏழு போட்டிருப்பான், நான் இப்போதே சத்தியம் செய்வேன்.

இப்போது ரோசக்காவின் முந்தானையை அல்லவா பிடித்து இழுக்கிறது! இழுத்துவிட்டு அவர் கையைப் பார்க்கிறது, அவர் கத்துகிறார், கத்திக்கொண்டே நேற்றைய போண்டா ஒன்றை ஒளித்துப் போடுகிறார், இது கூடாது, சாப்பாடு போடக்கூடாதென்று பலகை வைத்திருக்கிறது, ஆனால் எனக்கு இன்று யாரோடும் சண்டை போட மனமில்லை, காது கேட்கிறது, போண்டா போட்டால் போடட்டும். கலெக்டர் போண்டாவை எடுத்துக்கொண்டு திரும்பியது, திரும்பியபோது வால் தெரிந்தது. நுனிக் குஞ்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கமாக ஒரு மடிப்பு, குஞ்சத்தில் ஒரு பாதி இல்லை, தேய்ந்துபோன பெயிண்ட் பிரஷ் மாதிரி. பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம்தான் என்ன பார்த்தேன் என்று உறைத்தது. அந்த வால் எனக்குத் தெரியும். அந்த வாலை இரண்டு பருவமாக வெடிப்பலா மரத்துக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வால்தான், முகத்தை அது காட்டினால்தானே. இலைக்குப் பின்னால் போய்விடும், கூட்டம் முழுக்க ஒன்றையொன்று கூ கூவென்று கூப்பிட்டுக்கொண்டு நகரும்போது இது மட்டும் குரலே கொடுக்காது, எல்லோரும் போனபிறகு கடைசியாகப் போகும். குரல் கொடுக்காததால் முதல் வாரத்திலேயே அதற்கு ஊமச்சி என்று பெயர் வைத்தேன். அப்புறம் எங்கள் தெருவில் ஒரு பயல் மதியைப் பார்த்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், நான் வாசல் கேட்டை அறைந்த அறையில் அவன் ஓடிப்போனான், அன்றிலிருந்து குரங்கையும் அப்படிச் சொல்வதில்லை, வால் மடிந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்வேன். அதற்கு நான் போட்டது என்ன? துணிச்சல் ஒன்று, ஆர்வம் இரண்டு, கூச்சம் ஏழு. பொறு, அவசரப்படாதே, வால் மடிந்த குரங்கு ஊரில் ஒன்றுதானா. இடப்பக்கம் மடிந்ததும், பாதிக் குஞ்சமும் சேர்ந்து இன்னொன்றுக்கு இருக்கக் கூடாதா. கூடாது என்றில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் இருக்கிற அத்தனை வாலும் எனக்குத் தெரியும். அதுவோ தொட்டியின் மறுகோடியில் ஏறி உட்கார்ந்து போண்டாவைப் பிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மேலுதட்டில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. இதைத்தான் பிரிட்டோ அடையாளமாக வைத்திருப்பான், எதிரெதிரே நின்று பார்க்கிறவனுக்கு முகம்தானே கிடைக்கும். எனக்கு அடியிலிருந்து வால் கிடைத்தது, அவனுக்கு முன்னாலிருந்து உதடு கிடைத்தது. பேசக்கூடாதென்று விதி வேறு. ஒரே குரங்கை இரண்டு குரங்காக்கி, ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றுக்குக் கலெக்டர் என்றும் இன்னொன்றுக்கு அந்தப் பெயரும் வைத்து, எவ்வளவு சிரத்தையாக இரண்டு பருவம் வேலை பார்த்திருக்கிறோம்!

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். இந்த ஒன்று இப்படியென்றால் இன்னும் எத்தனை குரங்குகளை இரட்டையாக்கி வைத்திருக்கிறோமோ, எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும், பேராசிரியரிடம் சொல்ல வேண்டும், கோபம் ஆறு என்பது ஏழாகும். ஆனால் சிரிப்புத்தான் வருகிறது, அடக்க அடக்க வருகிறது. கலெக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நீதானா, நீயேதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே மரத்தில் அத்தனை கூச்சப்பட்டது பொய்யில்லை, நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இங்கே முந்தானையைப் பிடித்து இழுப்பதும் பொய்யில்லை. எது இதன் நிஜக் குணம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அங்கே அதைவிடப் பெரிய பெண் குரங்குகள் இரண்டு உண்டு, பழ மரத்தில் இதை அண்டவிடாது, அதனாலாயிருக்கும். இங்கே அவை வருவதில்லை. இருக்கும், இல்லாமலும் போகலாம். அதை அப்புறம் பார்க்கலாம். யாரும் சரியாகப் பார்க்காமல் இல்லை, அவ்வளவுதான், யாரும் சரியாகப் பார்க்காமல் இல்லை. இதை நினைத்ததும் நெஞ்சு ஒருமாதிரி லேசாகிறது. நிறுத்து மங்கை. எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. ஹெலன் டீச்சர் பார்த்ததும் சரி, நான் பார்த்ததும் சரி என்று சொல்லப் போகிறாய். குரங்கைப் பார்த்துப் பிள்ளையைப் புரிந்துகொண்டேன் என்று பொள்ளாச்சியில் போய்ச் சொன்னால் மாமியாருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தாற்போல இருக்கும். தவிரவும் இது குரங்கு, அது குழந்தை. குரங்குக்கு உள்ளேன் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்குள் வேறு ஏதாவது இருக்கலாம், டாக்டர்கள் வைத்திருக்கிற நீளமான பெயர்களில் ஒன்று, கேட்டவுடன் பாதிதான் புரிகிற பெயர், வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடித் தேடிப் படிக்கிற பெயர். ஒருவேளை டாக்டரம்மா இப்போது அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பூபதி தலையாட்டிக்கொண்டிருக்கிறார், மதி பித்தானைத் திருகிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், காதுதான் நன்றாகக் கேட்கிறதே. ஐயோ, அவள் எதிரில் சொல்லாமல் இருக்க வேண்டுமே. அவளை வெளியே உட்காரச் சொல்லியிருப்பார்களா? தனியாகவா? போனைப் பார்க்கிறேன். இரண்டு கோடு. ஒரு கோடு. மறுபடி இரண்டு. சங்கு ஊதிவிட்டது, ஆட்கள் டீக்கு வருகிறார்கள், கலெக்டர் நிதானமாகக் கையை நக்கிவிட்டுக் கூரைக்கு ஏறியது. எனக்கும் ஒரு டீ குடித்தால் நன்றாயிருக்கும், ஆனால் டீ நாலடிக்கு அப்பால் இருக்கிறது.

போன் அடித்தபோது கையிலேயே இருந்தும் எடுக்கத் தெரியவில்லை, தப்பாக எதையோ அழுத்தி, மறுபடி அழுத்தி, "சொல்லுங்க" என்றேன். பூபதியின் மூச்சு மட்டும் கேட்டது. என்ன ஆச்சு, ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, டீ கிளாஸோடு நின்றவர்கள் திரும்பினார்கள். "ஒண்ணுமில்ல மங்கை, நல்ல சேதிதான். அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுல. கேட்டதுக்கெல்லாம் பித்தானப் பாத்துட்டே நின்னா. அப்பறம் நம்ம வீட்டு வீடியோவ அந்தம்மாவுக்குக் காட்டினேன், குளிச்சுக்கிட்டே அந்த முதலைக் கதை சொல்லுவாளே, அது. அந்தம்மா பார்த்துட்டு ஒரே சிரிப்பு. இவ்ளோ பேசற புள்ளைக்குப் பேச்சுல என்னங்க கொறைங்கறாங்க." மேலே சொல்லுங்க, மேலே. "பயமாமா. கூச்சமில்ல, பிடிவாதமும் இல்ல, பயமாமா. வெளியாளுக முன்னாடி தொண்டை பூட்டிக்குதாமா. மத்ததெல்லாம் வயசுக்கு மேலயே இருக்குதுன்னாங்க. மெல்ல மெல்லச் சரியாயிருமாமா, மாசம் ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்கறாங்க, பள்ளிக்கொடத்துக்கும் எப்படி நடந்துக்கோணும்னு சொல்றாங்களாமா. நம்ம மட்டும் பேசு பேசுன்னு நிக்கக் கூடாதாமா. அவளுக்குப் பதிலா நம்ம பேசவும் கூடாதாமா." பயம். வெறும் பயம். உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் ஏதோ ஒரு நீளமான பெயருக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன், அந்த இடம் காலியாகவே போனது. என் பிள்ளை நன்றாக இருக்கிறாள். நான் அழுகிறேன், சந்தோஷமாக இருக்கிறது, இரண்டையும் மறைக்கத் தோன்றவில்லை. "அழுவறயா?" என்றார் பூபதி. ஆமாங்க என்றேன். "நானெல்லாம் அழுவுல" என்றார், கேட்காமலே. அப்புறம், "இரு, புள்ள போனப் புடுங்கறா, உங்கூடப் பேசோணுமாட்ட இருக்குது. இங்க வெளிய பெஞ்சுல கூட்டமா உக்காந்திருக்கறோம், பேசுவாளான்னு தெரியல" என்றார்.

போன் கை மாறுகிற சத்தம். அப்புறம் மருத்துவமனைச் சத்தம், யாரோ ஒருவர் பக்கத்திலேயே இருமுகிறார், டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள், ஒரு கைக்குழந்தை வீறிடுகிறது. இவ்வளவு பேர் நடுவில் அவள் பேச மாட்டாள், எனக்குத் தெரியும். மதி, அம்மாடா, பேசு தங்கம், டாக்டர் என்னடா சொன்னாங்க என்று என் வாய்க்குள் எல்லாம் திரண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் மரத்தடியில் பேசாமல் உட்காரப் பழகியவள், மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு குரங்கு இலையை விலக்கி முகத்தைக் காட்டாதா என்று. என் பிள்ளைக்காக ஒரு தடவைகூட இப்படிச் சும்மா இருந்ததில்லை. இருமல் நின்றது. டோக்கன் எண் மாறியது. அவள் மூச்சு போனில் மோதிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேன். ரோசக்கா டீயை எடுத்துக்கொண்டு சுவரருகே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அப்போது, காற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, "அம்மா" என்றாள். ம் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் கையை வாய்க்குக் கொடுத்து மறைத்துக்கொண்டிருக்க வேண்டும், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அம்மா, அப்பா அழுதுட்டாரு. டாக்டரம்மா முன்னாடியே. நான்தான் கண்ணத் தொடச்சு விட்டேன். யாருகிட்டயும் சொல்லாத." அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருமுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் மகள் என்னிடம் பேசினாள். சொல்ல மாட்டேன் என்றேன். "அப்பத்தாகிட்ட?" அப்பத்தாகிட்டயும் சொல்ல மாட்டேன். "பிராமிஸ்?" பிராமிஸ். சரி என்று பெரிய மனுஷியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, போனை அவளே வைத்தாள். நான் கண்ணைத் துடைக்கவில்லை, சுவரில் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ரோசக்கா டீயை என் கையில் திணித்தார். "அழுறீங்களா சிரிக்கிறீங்களா மேடம்? பாப்பா பேசிச்சா? பேசிருச்சுதான? அட, என்ன சொல்லிச்சுன்னு சொல்லுங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். பேசினாள் என்று மட்டும் தலையாட்டினேன். என்ன சொன்னாள் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நான் வாயைத் திறக்கவே இல்லை.